டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் பைப்பை எட்டுவது எப்படி?

குளியலறைச் சுவரில் ஓர் ஈரத் திட்டு தெரிகிறது. அல்லது சுவரின் மறுபக்க அறையில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. அல்லது கீழ்வீட்டுக்காரர் வந்து, "எங்கள் கூரையில் சொட்டுகிறது" என்கிறார். பைப்போ சுவருக்குள் இருக்கிறது, அதற்கு மேல் டைல்ஸ். கை உடனே சுத்தியலைத் தேடும்.

முதல்முறை நானும் அப்படித்தான் செய்தேன். ஈரம் அதிகமாக இருந்த இடத்தில் நான்கு டைல்ஸை உடைத்துப் பார்த்தால், உள்ளே இருந்த பைப் தூசி படிந்து காய்ந்து கிடந்தது. ஒழுகியது அங்கிருந்து இரண்டடி மேலே, ஷவர் வால்வின் ஸ்பிண்டில் (கைப்பிடி மாட்டியிருக்கும் தண்டு) பக்கம். அங்கே கசிந்த தண்ணீர் பூச்சுக்குள்ளேயே இறங்கி வந்து கீழே தேங்கியிருக்கிறது. அந்த வால்வைச் சரிசெய்ய ஒரு டைலைக்கூடத் தொட்டிருக்க வேண்டாம், கைப்பிடியைக் கழற்றினாலே போதும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் உடைப்பது பாதி வழிக்குப் பிறகுதான் வரும். டைல்ஸ் ஒட்டிய சுவரில் பழுது பார்ப்பது சின்ன வேலை. எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

ஒழுகுவது பைப்தானா?

குளியலறைச் சுவர் நனைவதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு. எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் வரத்து பைப் ஒழுகலாம். பயன்படுத்தும்போது மட்டும் தண்ணீர் போகிற கழிவு பைப் ஒழுகலாம். அல்லது பைப்புக்குச் சம்பந்தமே இல்லாமல், குளிக்கும்போது சுவரில் விழும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக உள்ளே போகலாம். வெளியே தெரியும் ஈரம் மூன்றுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று நாள் வெளியூர் போய் வந்தாலும் ஈரம் அப்படியே இருந்தால் வரத்து பைப்பைச் சந்தேகப்படுங்கள். கொஞ்சமாவது காய்ந்திருந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

வெளியூர் போகத் தேவையில்லாமலும் பார்க்கலாம். எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். ஃப்ளஷ் தொட்டிக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகிற வால்வுகளையும் சேர்த்து மூடுங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது. மீட்டர் இல்லை, தொட்டியிலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்றால், இரவு படுக்கும்முன் தொட்டிக்குள் வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு மட்டத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். காலையில் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

வரத்து பைப்தான் என்று ஆனால், அடுத்து வெந்நீரா தண்ணீரா? கீசருக்குள் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது மீட்டர் நின்றுவிட்டால் பழுது வெந்நீர்ப் பாதையில். தேட வேண்டிய சுவரில் பாதி அங்கேயே கழிந்துவிடும். சோதனை முடியும்வரை கீசரின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.

கழிவு பைப்பைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீரில் உணவில் சேர்க்கும் நிறப்பொடியைக் கலந்து, சுவரில் ஒரு துளியும் படாமல் நேராக ஃப்ளோர் டிராப்புக்குள் (தரையில் தண்ணீர் போகும் துளைக்குள்) ஊற்றுங்கள். மெதுவாக, மூன்று நான்கு வாளி. கீழே நிறத்தோடு தண்ணீர் வந்தால் சந்தேகமே இல்லை. ஒன்றும் வரவில்லை என்றால், அடுத்த நாள் டிராப்பில் ஊற்றாமல் சுவரில் மட்டும் ஷவரைத் திருப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். அப்போது கசிந்தால் டைல்ஸ் இடுக்கோ, சுவரும் தரையும் சேரும் மூலையோதான் காரணம். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவையான கிரவுட்டில் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், மூலைகளில் சிலிகான் இழுங்கள். பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடும். இந்தக் கட்டுரையின் மீதியும் உங்களுக்குத் தேவைப்படாது.

நான்காவதாக ஒன்றும் உண்டு: வெறும் நீராவி. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் குளிர்ந்த சுவரில் ஆவி படிந்து வழிவதைக் கசிவு என்று நினைத்துச் சுவரை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். சுவரைத் துடைத்துவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையின் ஆவி. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வழுவழுப்பான டைல் மேல் ஒட்டினால் இது சரியாகச் சொல்லாது. மறுபக்கத்துப் பூச்சுச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகள்

சுவருக்குள் புதைத்த எந்த வால்வும் முழுக்கப் புதைந்திருக்காது. கைப்பிடி வெளியே வரவேண்டுமே! அந்த இடத்தில் டைலில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருக்கிறது. அதை மறைக்கத்தான் ஃபிளேஞ்ச் என்று சொல்லப்படும் வட்டத் தகடு. சுவருக்குள் எட்டிப் பார்க்க இதைவிட நல்ல சன்னல் கிடையாது. ஆனாலும் பலர் இதைத் தாண்டிப்போய் பக்கத்து டைலை உடைப்பார்கள்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு தரையில் இருக்கும் டிராப்பைத் துணியால் அடைத்துவிடுங்கள். கழற்றும் திருகாணி அதற்குள் விழுவதற்கென்றே காத்திருக்கும். கைப்பிடியின் நடுவில் சிவப்பு நீலப் புள்ளியோ சின்ன மூடியோ இருக்கும். நகத்தாலோ மெல்லிய பிளேடாலோ நெம்பினால் உள்ளே திருகாணி தெரியும். அங்கே இல்லாவிட்டால் கைப்பிடியின் அடியில் ஒரு சின்னத் துளைக்குள் ஆலன் திருகாணி இருக்கும். கைப்பிடி வந்த பிறகு ஃபிளேஞ்சைத் திருகியோ இழுத்தோ எடுக்கலாம். சிலிகானால் ஒட்டியிருந்தால் சுற்றிலும் பிளேடால் கீறிவிட்டு எடுங்கள். உப்பு படிந்து இறுகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். ஸ்பேனரை வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே இருக்கும் வால்வின் பாடியும் சேர்ந்து திரும்பும். அதோடு இணைந்திருக்கும் பிளாஸ்டிக் பைப்பின் கழுத்து விரிசல் விட்டுவிடும். இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாக ஆகிவிடும். ஒரு கையால் பாடியை இன்னொரு ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஸ்பிண்டிலைத் திருகுங்கள்.

இப்போது டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்து ஓட்டைக்குள் பாருங்கள். சுருட்டிய டிஷ்யூ தாளை உள்ளே விட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துளியையும் தாள் காட்டிக்கொடுக்கும். ஸ்பிண்டில், கார்ட்ரிட்ஜ் (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்), வாஷர், ஓ-ரிங் என்று தேயக்கூடிய பாகங்கள் எல்லாம் முன்பக்கமாகவே கழற்றி மாற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஷவர் தலை, ஸ்பவுட், ஆங்கிள் வால்வு வெளிவரும் இடங்களிலும் இதே ஃபிளேஞ்சும் இதே சன்னலும் உண்டு. அங்கே சுவருக்குள் திருகியிருக்கும் நிப்பிள் என்ற சின்னக் குழாய்த் துண்டைச் சுற்றிய டெஃப்லான் டேப் போய்விட்டதாலேயே பாதிக் கசிவுகள் வருகின்றன என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஓட்டையை ஒன்றிரண்டு செ.மீ. பெரிதாக்க வேண்டி வந்தாலும் கவலை இல்லை. அகலமான ஃபிளேஞ்ச் கிடைக்கிறது, மறைத்துவிடலாம்.

சுவருக்கு இன்னொரு பக்கம் உண்டு

ஃபிளேஞ்ச் வழியாகப் பழுது தெரியவில்லை என்றால், அடுத்து சுவரின் மறுபக்கம் போய் நில்லுங்கள். அங்கே படுக்கையறையோ நடைபாதையோ அலமாரியோ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பூச்சுச் சுவரை உடைத்து மூடிப் பெயின்ட் அடித்தால் தடம் தெரியாது. டைல் சுவரை அப்படி மூட முடியாது. அதே நிற டைல் கிடைக்காது, கிடைத்தாலும் வேறு தயாரிப்புத் தொகுதியாக இருந்து சாயல் மாறும். இன்னொரு லாபமும் உண்டு: ஷவர் பக்கத்தில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சைத் தொடாமல் வேலை முடியும்.

ஆனால் சுவரின் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைப் புதைக்கும் பள்ளமான காடியைப் பெரும்பாலும் குளியலறைப் பக்கத்திலிருந்துதான் வெட்டியிருப்பார்கள். சுவர் 10 செ.மீ. கனமாக இருந்தால் மறுபக்கத்திலிருந்து போவது எளிது. 20 செ.மீ.க்கு மேல் என்றால் செங்கல்லையே குடைந்துகொண்டு போக வேண்டும். அப்போது டைல் பக்கமே மேல். மரம் அல்லது இரும்புச் சட்டத்தில் பலகை அடித்த பொள்ளல் சுவராக இருந்தால் கேள்வியே வேண்டாம், மறுபக்கம்தான். தட்டிப் பார்த்தாலே சத்தம் சொல்லிவிடும்.

தரையடிக் கழிவு பைப் என்றால் கீழ்த்தளக் கூரையிலிருந்து எட்டுவது நல்லது. அங்கே பொய்க்கூரை இருந்தால் ஒரு பலகையை நகர்த்தினாலே டிராப்பின் அடி கண்ணுக்கெதிரே இருக்கும்.

பைப் போகும் பாதை

இனி டைல்தான் என்று முடிவாகிவிட்டால், எந்த டைல் என்று தெரிய வேண்டும். வீடு கட்டும்போது பூசுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். இருக்காது. சரி.

பைப் போடுபவர்கள் பொதுவாகக் குழாய்க்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ, இல்லாவிட்டால் தரைக்கு இணையாகவோதான் கொண்டுபோவார்கள். குறுக்கே சாய்வாகப் போவது அபூர்வம். அதனால் எல்லாக் குழாய்களின் மையத்திலிருந்தும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மாஸ்கிங் டேப்பால் கோடு இழுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் எல்போவோ (வளைவு இணைப்பு) டீயோ (மூவழி இணைப்பு) இருக்க வாய்ப்பு அதிகம். நேர் பைப் லேசில் ஒழுகாது, ஒழுகுவது இணைப்புதான்.

வெந்நீர்ப் பாதையைக் கையாலேயே பார்க்கலாம். பல மணி நேரம் பயன்படுத்தாத பிறகு, வெந்நீரைத் தொடர்ந்து திறந்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் புறங்கையைச் சுவரில் நகர்த்துங்கள். டைல் வெதுவெதுப்பாகும் கோடுதான் பைப். வாடகைக்கு வெப்பக் கேமரா கிடைத்தால் அது ஒரு படமாகவே காட்டிவிடும், ஒழுகும் இடம் மேகம்போல விரிந்து தெரியும். இரும்பு, செம்புப் பைப்பை உலோகம் கண்டுபிடிக்கும் கருவி பிடித்துவிடும்; பிளாஸ்டிக்கை அது பிடிக்காது. அதைக் காதால் தேடலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரிலும் கைப்பிடியைக் காதெலும்பிலும் வைத்து, இரவின் அமைதியில் கேளுங்கள். அழுத்தத்தில் ஒழுகும் இணைப்பு 'ஸ்ஸ்' என்று சீறும். அருகே போகப்போகச் சத்தம் கூர்மையாகும்.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போவதும் உதவும். பொள்ளென்று கேட்கும் டைலுக்குப் பின்னால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அது கசிவால் விட்டதா, ஒட்டும்போதே சரியாக ஒட்டாததா என்பது வேறு விஷயம். எப்படியும் எளிதாகக் கழன்றுவரப்போகும் டைல் அது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஈரம் பெரும்பாலும் ஒழுகும் இடத்துக்குக் கீழே அல்லது பக்கத்தில்தான் பெரிதாகத் தெரியும். திட்டின் மேல் விளிம்பில் தேடுங்கள், நடுவில் அல்ல. பூச்சு தண்ணீரை மேலேயும் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால், இது கறாரான விதி இல்லை. நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

கருவியை எடுப்பதற்கு முன்

தண்ணீரை வால்வில் நிறுத்தி, அதே பாதையில் இருக்கும் மிகத் தாழ்ந்த குழாயைத் திறந்து பைப்பைக் காலிசெய்யுங்கள். குளியலறைக்கான மின்சாரத்தைச் சுவிட்சில் அல்ல, மெயின் போர்டில் அணைத்துவிடுங்கள். கீசர் வயர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது வெந்நீர் பைப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். அணைத்த பிறகும் டெஸ்டரால் ஒருமுறை சோதியுங்கள்.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டைல், கலவை, கான்கிரீட் மூன்றிலும் படிக சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த நிலையில் கிரைண்டரால் அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் நோய்க்கு அதுதான் காரணம். கைக்குட்டை கட்டினால் பயன் இல்லை. என்95 அல்லது அதற்கு இணையான முகக்கவசம், கண்ணாடி, கையுறை போடுங்கள். அறுக்கும் இடத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருங்கள். மின்கருவியும் தண்ணீரும் சேரும் இடம் என்பதால், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள இணைப்பிலோ பேட்டரியிலோ கருவியை ஓட்டுங்கள். மிகப் பழைய கட்டடத்தில் டைலுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சிமெண்ட் பலகை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பார்வையில் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது.

டிராப்பை மறுபடி அடையுங்கள். பேசினையும் கிளாசெட்டையும் பழைய போர்வையால் மூடுங்கள். டைல் சில்லு கண்ணாடிபோல வெட்டும்.

டைலை எடுப்பது

ஒரு முடிவு முதலில் எடுக்க வேண்டும்: இந்த டைல் திரும்ப வேண்டுமா? பரணில் நான்கைந்து மிச்ச டைல்ஸ் இருந்தால் பயமில்லாமல் உடைக்கலாம். இல்லாவிட்டால் முழுசாக எடுக்க முயல வேண்டும். ஆனால் எடுத்துவிடலாம் என்று யாரும் உறுதி தர முடியாது. பழைய முறையில் கனமான சிமெண்ட் கலவையில் ஒட்டியது சில சமயம் அட்டைபோலக் கழன்று வரும். நல்ல பசையில் முழுப் பரப்பும் ஒட்டியது உடைந்துதான் வரும்.

எப்படியானாலும் தொடக்கம் கிரவுட்டில்தான். நான்கு பக்கக் கிரவுட்டையும் அடிவரை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அடிக்கிற அடி அந்த இடம் வழியாகப் பக்கத்து டைலுக்குப் போய், அதன் மூலை தெறிக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது, கைரம்பம் அல்லது அதிர்வு மல்டி டூலில் கிரவுட் பிளேடு. நேரமாகும், ஆனால் கை நழுவினால் ஒரு கீறலோடு போகும். இரண்டு மூன்று மி.மீ. இடுக்கில் ஆங்கிள் கிரைண்டரை ஓட்டுவது பழகிய கைக்குத்தான். அது நழுவினால் பக்கத்து இரண்டு டைலும் போச்சு.

உடைப்பது என்றால், டைல் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, நடுவில் நெருக்கமாக ஐந்தாறு ஓட்டை போடுங்கள். டிரில்லின் சுத்தியல் இயக்கம் அணைந்திருக்க வேண்டும். சாதாரணச் சுவர் டைலுக்கு ஈட்டிமுனை டைல் பிட் போதும். விட்ரிஃபைடு டைல் மிகக் கெட்டி. அதற்கு டைமண்ட் பிட், கூடவே தண்ணீர். ஆழம் டைலின் கனத்தோடு நிற்க வேண்டும். பின்னால் பைப் இருக்கலாம் என்பதால்தானே இங்கே ஓட்டை போடுகிறோம்! பிட்டில் பத்து மி.மீ. தூரத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்கு, உளியைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒருபோதும் பக்கத்து டைலின் விளிம்பில் உளியை ஊன்றி நெம்பாதீர்கள்.

காப்பாற்றுவது என்றால், கிரவுட் எடுத்த இடுக்கில் நீளமான மெல்லிய பிளேடை மல்டி டூலில் மாட்டி, டைலின் பின்பக்கப் பசையை ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டே போங்கள். கண்ணாடி தூக்கும் உறிஞ்சு கோப்பையை டைலில் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் விழுந்து உடையாது. சொரசொரப்பான டைலில் அது பிடிக்காது. அங்கே டேப்பால் ஒரு பிடி செய்துகொள்ளலாம்.

இரண்டடிக்கு நான்கடி அளவுள்ள பெரிய பலகை டைலாக இருந்தால் முழுசாக எடுக்கும் ஆசையை விடுங்கள். தேவையான இடத்தில் மட்டும் டைமண்ட் கோர் பிட்டால் வட்டமாக வெட்டி, மேலே வட்ட மூடி போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சுவருக்குள்

டைல் போன பிறகு பசையோ கலவையோ தெரியும், அதற்குப் பின்னால் காடியை மூடிய சிமெண்ட். இங்கே அவசரம்தான் எதிரி. பைப் மேற்பரப்பிலிருந்து ஒன்றரை செ.மீ.யில் இருக்கலாம், நான்கு செ.மீ.யிலும் இருக்கலாம். உளியைப் பைப்பின் திசைக்கு இணையாகப் பிடித்து மேலாகச் செதுக்குங்கள், குத்தலாக அடிக்காதீர்கள். பழைய சி.பி.வி.சி. (பசையால் இணைக்கும் பிளாஸ்டிக்) பைப் நாளாக நாளாக நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பலமாக ஓர் அடி பட்டால் போதும். பைப்பின் நிறம் தெரிந்ததும் சுத்தியலை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுங்கள்.

ஓட்டை எவ்வளவு பெரிதாக வேண்டும்? பழுதைப் பார்க்கிற அளவு அல்ல, பழுதுபார்க்கிற அளவு. இணைப்பை வெட்டிப் புதிது போட, இணைப்பின் இரு பக்கமும் கையளவு பைப் வெளியே தெரிய வேண்டும். பைப்பைச் சுற்றி விரல் போய்வர வேண்டும். அப்போதுதான் பைப்பைச் சற்று நெகிழ்த்திக் கப்ளிங்கை (இரண்டு பைப்பைச் சேர்க்கும் இணைப்பை) செருக முடியும். சின்ன ஓட்டைக்குள் முறுக்கிக்கொண்டு போட்ட இணைப்பு மறுபடி ஒழுகும். அதற்கு இன்னும் ஒரு டைலை எடுத்துவிடுவது மேல்.

இணைப்பு வேலையைப் பிளம்பரிடம் விட்டுவிட்டாலும் குறைவில்லை; சுவரைத் திறந்து வைத்தால் அவர் வேலை அரை மணி நேரம்தான். நீங்களே செய்தால் சில குறிப்புகள். சி.பி.வி.சி. பைப் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பசை தடவிக் கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். பி.பி.ஆர். (சூடாக்கி இணைக்கும் பிளாஸ்டிக்) என்றால் 260 டிகிரி சூட்டில் 20 மி.மீ. பைப்புக்கு 5 வினாடி, 25 மி.மீ.க்கு 7 வினாடி. அதற்கு மேல் சூடாக்கினால் உள்விட்டம் உருகி அடைத்துக்கொள்ளும். திருகு இணைப்பில் வாஷர் உள்ள யூனியனை (கழற்றி மாட்டும் இணைப்பை) சுவருக்குள் புதைக்காதீர்கள். வாஷர் தேயும், மறுபடி சுவர்.

வெந்நீர் பைப்புக்கு ஃபோம் உறை போடுங்கள். மூன்று மீட்டர் சி.பி.வி.சி. பைப் 40 டிகிரி சூடேறினால் சுமார் 8 மி.மீ. நீளும். சிமெண்ட் அதை இறுக்கிப் பிடித்தால் நீளும் விசையெல்லாம் எல்போவில் போய் இறங்கும். பல வீடுகளில் ஒரே வெந்நீர் மூலை திரும்பத் திரும்ப ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கான்கிரீட் தூண், பீம், அவற்றின் கம்பி, எரிவாயுக் குழாய், அடுக்குமாடியில் பல வீடுகளுக்குப் பொதுவான நிமிர்ந்த பைப் ஆகியவை வழியில் வந்தால் நீங்களாக எதையும் வெட்டாதீர்கள்.

மூட அவசரப்படாதீர்கள்

வேலை முடிந்ததும் டைல் ஒட்டிவிடத்தான் மனம் போகும். பசை டப்பாவில் எழுதியிருக்கும் காய்வு நேரம் முடிந்த பிறகு தண்ணீரைத் திறந்து, இரண்டு நாளாவது சுவரைத் திறந்தே வைத்திருங்கள். கைப்பம்பு வைத்து வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் வெந்நீரையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, காலை மாலை டிஷ்யூ தாளால் இணைப்புகளைத் துடைத்துப் பாருங்கள்.

பைப்பின் மேல் அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று படத்தில் எண் படிக்கும்படி இருக்க வேண்டும்.

கதவு வைத்து மூடுவது

இவ்வளவு பாடுபட்டுத் திறந்ததை மறுபடி சிமெண்டால் அடைக்க வேண்டுமா? எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. உள்ளே வெறும் பைப் மட்டும் என்றால் அடைத்துவிடுங்கள். வால்வு, கழிவு பைப்பின் சுத்தம் செய்யும் மூடி, மறைத்து வைத்த ஃப்ளஷ் தொட்டி, பம்பு என்று கை போக வேண்டியது இருந்தால் கதவு வையுங்கள். வால்வைத் திருப்ப மட்டும் என்றால் 15 செ.மீ. சதுரம் போதும். ஸ்பேனர் திருப்ப வேண்டுமானால் 30 செ.மீ. வேண்டும். ஷவர் தண்ணீர் நேராக அடிக்கும் இடத்தில் மட்டும் கதவு வேண்டாம். அங்கே மறுபக்கச் சுவரில் வையுங்கள்.

கடையில் தயாராகக் கிடைக்கும் பிளாஸ்டிக் அல்லது அலுமினியச் சட்டக் கதவு உடனே வேலைக்காகும், ஆனால் கதவு என்று தெரியும். தெரியக்கூடாது என்றால் டைலையே கதவாக்கலாம். ஓட்டையின் நான்கு மூலையிலும் காந்தம் ஒட்டும் உலோகத் தகடு பதியுங்கள். டைலின் பின்னால் சிமெண்ட் பலகையை ஒட்டி, அதில் நான்கு காந்தம் வையுங்கள். சுற்றிலும் கிரவுட்டுக்குப் பதில் அதே நிறச் சிலிகான். திறக்க வேண்டிய நாளில் பிளேடால் சிலிகானைக் கீறி, உறிஞ்சு கோப்பையால் இழுத்தால் வந்துவிடும்.

இதில் இரண்டு தவறு எல்லோரும் செய்வது. ஒன்று, எடை முழுவதையும் காந்தத்தின் மேல் விடுவது. 10 மி.மீ. கனமுள்ள விட்ரிஃபைடு டைல் சதுர மீட்டருக்கு 23 கிலோ போல இருக்கும், 30 செ.மீ. சதுரம் என்றால் டைல் மட்டும் 2 கிலோ, பலகை தனி. காந்தம் நேராக இழுப்பதைத் தாங்கும், கீழே வழுக்குவதை அவ்வளவு தாங்காது. அதனால் ஓட்டையின் அடியில் டைல் உட்காரச் சின்ன விளிம்பு வைத்துவிடுங்கள். எடையை விளிம்பு சுமக்கட்டும், காந்தம் முன்னால் சாயாமல் பிடிக்கட்டும். இன்னொன்று, துருப்பிடிக்காது என்று 304 தரத் தகட்டை வாங்குவது. அதில் காந்தம் ஒட்டாது. 430 தரம் கேளுங்கள்.

கதவு இல்லாமல் அடைக்கிற இடத்தில், காடியைக் கலவையால் நிரப்பிக் காயவிட்டு, அறுபட்ட நீர்த்தடுப்புப் பூச்சைச் சுற்றிலும் குறைந்தது 5 செ.மீ. பழையதன் மேல் ஏறும்படி புதிதாகப் பூசுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி ஈரத் திட்டைப் பார்த்துப் பைப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் டைல், ஒரு நாள் கழித்துக் கிரவுட். புதிய கிரவுட் பழையதோடு நிறம் சேரவே சேராது. அந்தச் சுவர் முழுவதும் மேலாகச் சுரண்டி ஒரே நிறத்தில் போடுவதுதான் வழி. ஒரே மாதிரி டைல் கிடைக்கவில்லை என்றால் கிட்டத்தட்ட ஒத்த நிறத்தைத் தேடி அலையாமல், முற்றிலும் வேறான ஒன்றை வேண்டுமென்றே ஒரு பட்டையாகப் போட்டுவிடுங்கள். நெருங்கிய நிறம் ஒட்டுப்போட்டதுபோல இருக்கும். எதிர் நிறம் அலங்காரம்போல இருக்கும்.

சிலிகானில் வினிகர் வாடை வரும் வகை செம்பையும் பளிங்கையும் அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையை, பூஞ்சை பிடிக்காதது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். போட்ட பிறகு 24 மணி நேரம் ஷவர் கூடாது.

அளவு டேப்போடு எடுத்த படத்தை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். மறுபக்கச் சுவரில் பழைய ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துவிடுங்கள். நனைந்த செங்கல் காய வாரக்கணக்கில் ஆகும். ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டாமல் உள்ளே சுருங்கிக்கொண்டே வந்தால் பெயின்ட்காரரைக் கூப்பிடலாம்.